விர்ச்சுவல் இம்பாக்டர் சாம்ப்ளர்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

காற்றுத் துகள்களை 2.5 மைக்ரானுக்கு மேல், கீழ் என்று பிரித்து இரண்டு ஃபில்டர்களில் பிடிக்கும் டைகாட்டமஸ் சாம்ப்ளரை ஓட்டுபவர்களுக்கான குறிப்பு இது. கோட்பாடு வேண்டாம், வேலைக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன்.

10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைத் தடுக்கும் பிஎம் 10 இன்லெட் வழியாக நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்று உள்ளே வருகிறது. நாசிலிலிருந்து வேகமாக இறங்கும் அந்தக் காற்றுக்கு நேர் எதிரே ஒரு தட்டு இருந்தால் அது சாதாரண இம்பாக்டர். இங்கே தட்டுக்குப் பதில் ரிசீவர் குழாயின் திறந்த வாய் இருக்கிறது, அதனால்தான் இது விர்ச்சுவல் இம்பாக்டர். காற்றில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 15 லிட்டர், பக்கவாட்டில் திரும்பி மேஜர் லைனுக்குப் போகும். நுண்துகள்களும் அதோடு திரும்பிவிடும். பெருந்துகள்களால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாது. அவை நேராகக் குழாய்க்குள் விழுந்து, மீதி 1.67 லிட்டர் காற்றோடு மைனர் லைன் ஃபில்டருக்குப் போகும்.

நாசிலும் ரிசீவரும் சேர்ந்த இந்தத் தலையில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. அதனால் அது தானாகக் கெடுவது அரிது, கெடுவது காற்றோட்டம்தான். ஆனால் எண் சரியில்லை என்றதும் பலர் முதலில் தலையைத்தான் கழற்றுகிறார்கள். கழற்றி மாட்டும்போது காற்று கசியாமல் அடைக்கும் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) நழுவும். ஒரு கோளாறாக இருந்தது அதோடு இரண்டாகிவிடும். ஓட்டம், லீக், ஃபில்டர், கணக்கு, அதற்கப்புறம்தான் தலை. கீழே பெரும்பாலும் இதே வரிசைதான்.

கேலிப்ரேஷன் தேதி தாண்டாத ஒரு ஃப்ளோ மீட்டர், இன்லெட் அடாப்டர், சோதனைக்கென்று ஒதுக்கிய ஒரு ஜோடி ஃபில்டர், ரப்பர் அடைப்பான், டார்ச், பூதக்கண்ணாடி ஆகியவை கையில் இருக்கட்டும். எல்லா அளவையும் ஃபில்டர் போட்டே எடுங்கள். ஃபில்டர் இல்லாமல் அளந்தால் தடை குறைந்து, பலவீனமான பம்ப்கூட நல்லபிள்ளையாக ஓடிக் காட்டும்.

அறிகுறி 1: மொத்த ஓட்டம் 16.7-க்கு வரவில்லை

ஓட்டம் குறைந்தால் துகள் பிரியும் எல்லை மேலே நகரும். 10 சதவீதம் குறைந்தால் 2.5 மைக்ரான் சுமார் 2.6 ஆகும், 20 சதவீதம் குறைந்தால் 2.8. மேலே இருக்கும் பிஎம் 10 இன்லெட்டின் எல்லையும் கூடவே நகரும். ஆகவே 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்றைய ஓட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

*கருவியின் திரையில் 16.7, உங்கள் மீட்டரில் வேறு எண்*

முதலில் அலகைப் பாருங்கள். துகள் பிரிவது அந்த இடத்துக் காற்றின் உண்மையான கன அளவைப் பொறுத்தது. காற்றின் நிறையை வைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் உள்ள கருவி, அமைப்பைப் பொறுத்து, 25 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மாற்றிய லிட்டரைக் காட்டலாம். சென்னையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் அதே கருவி உண்மையில் 21 லிட்டர் அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்; எல்லை 2.2-க்கு இறங்கிவிடும். எந்தப் பாகமும் கெடவில்லை, ஒரு அமைப்பு தவறாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அலகு சரி என்றால் அடுத்த சந்தேகம் லீக். கருவியின் சென்சார் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது. இன்லெட்டுக்கும் சென்சாருக்கும் நடுவில் எங்காவது வெளிக்காற்று நுழைந்தால் திரை நிறைவாகவும் இன்லெட் குறைவாகவும் காட்டும். இன்லெட்டை மூடி, கையேட்டில் சொன்ன வெற்றிடம் வரை இழுத்து, பம்பைத் துண்டித்து, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். வேகமாக இறங்கினால் முதலில் ஃபில்டரைப் பிடித்திருக்கும் கேசட்டைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். பெரும்பாலான லீக் அங்கேதான். அடுத்து கேசட் ஓ-ரிங், குழாய் இணைப்புகள், கடைசியில் தலையின் இணைப்பு. அடைப்பைத் திறக்கும்போது மெதுவாகத் திறங்கள், காற்று குபீரென்று பாய்ந்தால் ஃபில்டர் கிழியும்.

லீக்கும் இல்லை என்றால் சென்சார் விலகியிருக்கிறது. கேலிப்ரேஷன் செய்யுங்கள். செய்த சில நாட்களிலேயே மறுபடி விலகினால் சென்சாரை மாற்றும் வேலை, அது சர்வீஸ்காரருடையது.

*திரையிலும் குறைவு, மீட்டரிலும் குறைவு*

வேக்கம் கேஜைப் பாருங்கள். வெற்றிடம் அதிகமாக இருந்து ஓட்டம் குறைந்தால் அடைப்பு: நிறைந்த ஃபில்டர், மடங்கிய குழாய், ஈரமான ஃபில்டர். தீபாவளி இரவு, போகி விடியற்காலை மாதிரியான நேரங்களில் நுண்துகள் ஃபில்டர் 24 மணி நேரம் தாங்காமல் நடுவிலேயே திணறும். அது கோளாறே இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்கு முன்கூட்டியே இரண்டு ஃபில்டராகப் பிரித்து ஓட்டத் திட்டமிடலாம்.

வெற்றிடமும் குறைவு, ஓட்டமும் குறைவு என்றால் பம்புக்கு அருகில் குழாயை ஒரு நொடி கிள்ளிப் பிடியுங்கள். கேஜ் முள் எகிறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, முன்னால் எங்கோ லீக். எகிறாவிட்டால் பம்ப். டயாஃப்ரம் பம்ப் என்றால் டயாஃப்ரம், வால்வு கிட் மாற்றினால் போதும். வேன் பம்ப் என்றால் கார்பன் வேன் தேய்ந்திருக்கும். ஆனால் கிட் வாங்கும் முன் மின்னழுத்தத்தை அளந்துவிடுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியில் மொட்டைமாடிக்கு இழுத்த மின்சாரம் பம்பை நோஞ்சானாகக் காட்டுவது உண்டு.

அறிகுறி 2: மொத்தம் சரி, ஆனால் 10 சதவீதப் பங்கு நிற்கவில்லை

மைனர் ஓட்டம் சின்ன எண் என்பதால் அதில் வரும் சின்னப் பிழையும் பெரிய பாதகம் செய்யும். கூடினால் எல்லை சற்றுக் கீழே இறங்கும், பெருந்துகள் ஃபில்டருக்குள் நுண்துகள் அதிகமாகக் கலக்கும். குறைந்தால் பெருந்துகள்களை ரிசீவருக்குள் இழுத்துச் செல்லக் காற்று போதாது. விளிம்பிலும் சுவரிலும் படிந்து வீணாகும், சில வெளியே திரும்பி நுண்துகள் ஃபில்டருக்கே வந்துவிடும்.

மிதவை உள்ள ரோட்டாமீட்டர் என்றால் அதை விரலால் தட்டுங்கள். ஒட்டியிருந்த மிதவை துள்ளினால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து நீடில் வால்வைச் சிறிது திறந்து மூடிப் பாருங்கள்; தூசி சிக்கியிருந்தால் ஓட்டம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். மழைக்காலத்தில் மைனர் லைன் குழாயில் தண்ணீர்த் துளி நிற்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஓட்டம் விட்டுவிட்டு அலைபாய்ந்தால் தண்ணீராகத்தான் இருக்கும்.

இது எதுவும் இல்லை என்றால் இரண்டு லைனையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மைனர் லைனை மூடிவிட்டு இன்லெட்டில் அளக்கும் எண்ணும் திரையில் உள்ள மேஜர் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மேஜரை மூடி மைனரை மட்டும் அதே மாதிரி பாருங்கள். இதற்கு 1 முதல் 2 லிட்டரைத் துல்லியமாகக் காட்டும் மீட்டர் வேண்டும். எந்த லைனில் எண் பொருந்தவில்லையோ அதில் லீக் அல்லது சென்சார்.

*வெளி லீக் இல்லை, எண்கள் பொருந்துகின்றன, ஆனாலும் ஃபில்டர் சரியில்லை*

இந்தக் கோளாறுதான் அதிக நாட்களைத் தின்னும். ரிசீவர் குழாய் தலையின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு ஓ-ரிங் இருக்கிறது. அது நழுவினாலோ வெடித்தாலோ மேஜர் அறைக்கும் மைனர் லைனுக்கும் நடுவில் காற்று கொடுக்கல் வாங்கல் நடக்கும். வெளிக்காற்று நுழையாததால் லீக் சோதனை தேறிவிடும், மொத்த ஓட்டமும் சரியாக இருக்கும். இரண்டு மீட்டரும் நல்ல எண்ணையே காட்டும். ஆனால் ரிசீவரின் வாய்க்குள் உண்மையில் போகும் காற்று 1.67 லிட்டராக இருக்காது.

கண்டுபிடிக்க ஒரே வழி மேசையில் வைத்துச் சோதிப்பது. தலையைத் திறந்து, ரிசீவர் வாயை மென்மையான ரப்பர் அடைப்பானால் விளிம்பு கீறாமல் மூடி, மைனர் பக்கத்திலிருந்து லேசாக வெற்றிடம் இழுங்கள். நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த ஓ-ரிங்தான். சில ரூபாய்ப் பொருள். ஆனால் கையேடு சொல்லும் அளவிலேயே வாங்குங்கள். கடையில் கிடைத்த பக்கத்து அளவு உட்காரும், அடைக்காது.

அறிகுறி 3: பெருந்துகள் ஃபில்டர் கறுத்திருக்கிறது

முதலில் பதற்றம் வேண்டாம். மைனர் லைனில் போகும் பத்தில் ஒரு பங்கு காற்றிலும் நுண்துகள் இருக்கத்தான் செய்யும், கூடவே புகைக்கரியும் வரும். மண் நிறத்துக்கு மேல் லேசான சாம்பல் பூச்சு என்பது இந்தக் கருவியின் இயல்பு.

நுண்துகள் ஃபில்டருக்கு இணையாகக் கறுத்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். ஃபில்டர்கள் இடம் மாறியிருக்கலாம் என்பதுதான் முதல் சந்தேகம். மற்றது மண் நிறமாக இருந்தால் கேசட்டை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், கருவியில் குறையில்லை. அடுத்து மைனர் ஓட்டம் கூடியிருக்கலாம். அறிகுறி 2-க்குப் போங்கள். மூன்றாவதாக, மேஜர் பக்கம் அடைத்துக்கொண்டு காற்று மைனர் வழியே திரும்பியிருக்கலாம். தானியங்கிக் கட்டுப்பாடு இல்லாத பழைய கருவிகளில் இது நடக்கும். ஓட்டப் பதிவை எடுத்து, மேஜர் எண் எந்த மணியிலிருந்து இறங்கியது என்று பாருங்கள்.

அறிகுறி 4: நுண்துகள் ஃபில்டரில் மண் நிறம்

இது வந்தால் அந்த நாளின் பிஎம் 2.5 எண்ணை நம்பாதீர்கள். ஒரு 5 மைக்ரான் துகள், அதே அடர்த்தியுள்ள 1 மைக்ரான் துகளைவிட 125 மடங்கு எடை. சில பெருந்துகள் தப்பி வந்தாலே எடை ஏறிவிடும்.

மொத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா, மைனர் ஓட்டம் நின்றுபோயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் தலையைத் திறக்கும் முறை வருகிறது. திறக்கும் முன் பெருந்துகள் ஃபில்டரை ஒரு பார்வை பாருங்கள். படிவு நடுவில் குவிந்து வட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நாசிலும் ரிசீவரும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று சந்தேகப்படலாம். தலை கீழே விழுந்ததா, கடைசியாக யார் கழற்றினார் என்று விசாரியுங்கள். திருகுகளைத் தளர்த்தி, குறிக்கோடுகளைப் பொருத்தி, எதிரெதிர்த் திருகுகளாகச் சமமாக முடுக்கினால் பல நேரம் சரியாகிவிடும்.

திறந்தபின் நாசிலை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி நூல், பூச்சியின் இறகு, துணி நார் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. நாசில் துளை சில மில்லிமீட்டர்தான். ஒரு நார் போதும், ஜெட் கோணலாகிவிடும். நார் இல்லாமல் துளையைச் சுற்றி ஒரே சீராகப் படிவு கட்டியிருந்தால் விளைவு நேர் எதிர்: விட்டம் 5 சதவீதம் சுருங்கினால் எல்லை 2.5-லிருந்து 2.3-க்கு இறங்கும்.

பிறகு ரிசீவர் வாயின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு சிறு வெட்டு, ஒரு நெளிவு இருந்தாலும் பாகத்தை மாற்றியே ஆக வேண்டும். அரத்தால் தேய்த்துச் சமன் செய்ய வேண்டாம். தேய்க்கும்போது நாசிலுக்கும் ரிசீவருக்கும் உள்ள இடைவெளியே மாறிவிடும்.

அறிகுறி 5: பெருந்துகள் கணக்கு எங்கேயோ போகிறது

*பத்து மடங்கு அதிகம்*

ஏறத்தாழ நிச்சயமாகக் கணக்குப் பிழை. பெருந்துகள் ஃபில்டரின் எடையை மைனர் லைன் கன அளவால் வகுத்திருப்பார்கள். மைனர் ஃபில்டரில் விழும் பெருந்துகள் மொத்தக் காற்றிலிருந்து வந்தது. மொத்தக் கன அளவால்தான் வகுக்க வேண்டும்.

24 மணி நேர ஓட்டத்தில் மொத்தம் 24 கன மீட்டர், மேஜர் 21.6, மைனர் 2.4. நுண்துகள் ஃபில்டரில் 648 மைக்ரோகிராம் என்றால் 21.6-ஆல் வகுக்க கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரும். பெருந்துகள் ஃபில்டரில் 960 என்று வைத்துக்கொள்வோம். 24-ஆல் வகுக்க 40. அதில் பத்தில் ஒரு பங்கு காற்றோடு வந்த நுண்துகளைக் கழிக்க வேண்டும்: 30-ல் பத்தில் ஒன்று 3. ஆகப் பெருந்துகள் 37, பிஎம் 10 மொத்தம் 67. அதே 960-ஐ 2.4-ஆல் வகுத்தால் 400 வரும், அலுவலகத்தில் எல்லாரும் பக்கத்துக் கட்டட வேலையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கழிக்கும் பங்கை 0.1 என்று நிரந்தரமாகப் போடாமல், அன்றைய மைனர் கன அளவை மொத்தத்தால் வகுத்துப் போடுங்கள்.

*எதிர்மறை*

தொடர்மழை நாளில் பெருந்துகள் மிகக் குறைவாக இருக்கும். நுண்துகள் பங்கைக் கழித்ததும் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போவது எடைப்பிழை வரம்புக்குள் நடக்கக்கூடியதே. உலர்ந்த நாளிலும் எதிர்மறை வந்தால்தான் தேட வேண்டும்.

உலர்ந்த பெருந்துகள் டெஃப்லான் ஃபில்டரில் சரியாக ஒட்டாது. பையில் போட்டு பைக்கில் கொண்டுவந்தால் பாதி கேசட் மூடியில் இருக்கும். மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். தூள் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஃபில்டர் முகம் மேலே பார்க்க, தட்டையாக, அதிராமல் கொண்டுவர வேண்டும். அடுத்து எடைபோடும் அறை: 20 முதல் 23 டிகிரி, 30 முதல் 40 சதவீத ஈரப்பதம், குறைந்தது 24 மணி நேரம் வைத்த பிறகே எடை. டெஃப்லான் நிலைமின்னூட்டம் ஏறக்கூடியது, எடைபோடும் முன் அந்த மின்னூட்டத்தை நீக்கும் அயனைசரைக் காட்டாவிட்டால் எண் நழுவிக்கொண்டே இருக்கும். மின்னணுத் தராசைச் சந்தேகிப்பது இவற்றுக்கெல்லாம் பிறகு.

அறிகுறி 6: ரிசீவர் வாயைச் சுற்றி வளையம்

எல்லைக்கு அருகில் உள்ள, அதாவது 2.5 மைக்ரானை ஒட்டிய துகள்கள் முழுதாகத் திரும்பவும் முடியாமல் உள்ளே விழவும் முடியாமல் விளிம்பிலேயே படிகின்றன. மெல்லிய வளையம் எல்லாத் தலையிலும் உண்டு. தடித்திருந்தால் சுத்தம் செய்யும் நாள் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கடற்கரை நிலையங்களில் உப்புத் துளிகள் ஈரமாகவே வந்து ஒட்டுவதால் இடைவெளியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

வளையம் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் சுத்தம் செய்வதோடு விடாதீர்கள், அறிகுறி 4-ல் சொன்ன நேர்க்கோட்டுச் சோதனையையும் செய்யுங்கள்.

சுத்தம் செய்ய நார் உதிராத துணி, வடிநீர், தேவைப்பட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கம்பி, ஊசி, குண்டூசி எதுவும் நாசில் பக்கம் போகக் கூடாது. கழற்றும் முன் பாகங்களின் நிலையைப் பேனாவால் குறித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஓ-ரிங்குக்கு வேக்கம் கிரீஸ் மினுமினுப்பு தெரியும் அளவுக்குத்தான். மிஞ்சியது சுவரில் பரவித் துகளைப் பிடிக்கும். மாட்டியதும் லீக் சோதனை, பிறகு மூன்று ஓட்ட எண்களும். இதைத் தவிர்க்க எந்த அவசரமும் காரணமாகாது.

அறிகுறி 7: பக்கத்துப் பக்கத்து இரண்டு கருவிகள் ஒத்துப்போகவில்லை

பிஎம் 2.5 ஒத்துப்போய்ப் பெருந்துகள் மட்டும் வேறுபட்டால் பிஎம் 10 இன்லெட்டைப் பாருங்கள். அழுக்கேறிய இன்லெட், அல்லது இன்லெட்டில் நுழையும் தண்ணீர் சேரும் ஜாடியின் மூடி சரியாக முடுக்காமல் பக்கவாட்டில் காற்று நுழைவது. அடாப்டரை இன்லெட்டுக்குப் பதிலாக மாட்டி அளப்பதால் ஓட்டச் சோதனையில் இந்த ஜாடி லீக் பிடிபடாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பிஎம் 2.5-உம் வேறுபட்டால் விர்ச்சுவல் இம்பாக்டர் தலைகளை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சில நாள் ஓட்டுங்கள். வித்தியாசம் தலையோடு இடம் மாறினால் குறை தலையில். பழைய கருவியிலேயே நின்றால் ஓட்டத்தில் அல்லது லீக்கில். பாகம் வாங்கச் செலவு செய்யும் முன் இதைச் செய்யாதவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவது

விளிம்பில் வெட்டு, நாசிலில் கீறல், தலையின் உடம்பு வளைவு, கேலிப்ரேஷன் நிற்காத சென்சார், கிட் மாற்றியும் வெற்றிடம் வராத பம்ப்: இவற்றில் எதுவானாலும் களத்தில் மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

ஓட்டம், லீக், நேர்க்கோடு, கணக்கு எல்லாம் தேறியும் தலையை மாற்றும்போது வித்தியாசம் தலையோடு போகிறது என்றால், பிரியும் எல்லையையே அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரே அளவுள்ள துகள்களை உண்டாக்கும் கருவியும் துகள் எண்ணியும் உள்ள ஏரோசால் ஆய்வகம் தேவை. செலவான வேலை. மாற்றுத் தலையின் விலையையும் கேட்டு வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். சில நேரம் புதுத் தலையே மலிவு.

அனுப்புவதென்று முடிவானால் தலையைச் சுத்தம் செய்யாமல் அப்படியே அனுப்புங்கள். படிவு எங்கே, எந்தப் பக்கம் என்பது அவர்களுக்குப் பாதி விடை. கூடவே கடைசி ஓட்டப் பதிவுகள், இரண்டு ஃபில்டர்களின் படம், கருவி இருக்கும் இடத்தின் உயரம், கடைசியாகத் தலையைத் திறந்த தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். நாசிலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் பஞ்சு திணித்து அனுப்பாதீர்கள், அதன் நாரை எடுக்கவே அவர்கள் தனியாகப் பில் போடுவார்கள்.